பூந்தமல்லிக்கு அப்பால்: வலை நூல்களும் பார்வையற்ற வாசகரும் கிளை நூலகரின் கடமையும்

1. கேள்வி

தமிழ்நாட்டுப் பார்வையற்றோரில் பலருக்குச் சென்னையை ஒட்டிய பூந்தமல்லி என்பது பள்ளி நாள்களின் பெயர். பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி அங்கே இருக்கிறது. பாடநூல்களைப் புள்ளி எழுத்தில் அச்சிடும் மண்டலப் பிரெயில் அச்சகமும், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அதே ஊரில்தான். வேறு மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் பள்ளி முடித்ததும் கல்லூரிக்கோ வேலைக்கோ சொந்த ஊருக்கோ போய்விடுகிறார்கள். சிலர் ஆவடியிலும் அம்பத்தூரிலும் குடியேறுகிறார்கள்.

அதே வட்டாரத்தில் இன்னொரு அரசு அமைப்பும் உண்டு. அது பொது நூலகம். பார்வையற்றோர் பள்ளி மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழும், கிளை நூலகம் பள்ளிக் கல்வித் துறையைச் சார்ந்த பொது நூலக இயக்ககத்தின் கீழும் வருகின்றன. ஒரே அரசின் இரு கைகள் இவை. ஆனால் கோப்பு வேறு, நிதி வேறு, பணியாளர் பயிற்சி வேறு. பள்ளி வாசலைத் தாண்டிய பார்வையற்ற வாசகருக்கு அவர் கேட்கும் நூலைப் படிக்கத்தக்க வடிவில் கொடுப்பது யாருடைய பொறுப்பு என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. சிறப்பு நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்பது ஒன்று. கைப்பேசியும், திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானும் வந்துவிட்டன, இனி எவர் துணையும் வேண்டாம் என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் செய்ய வேண்டியவர் தெருமுனைக் கிளை நூலகத்தின் நூலகர் என்பது என் வாதம்.

2. புள்ளி எழுத்தின் அருமையும் சுமையும்

பிரெயில் பழங்கதை ஆகிவிட்டது, ஒலிதான் எதிர்காலம் என்ற பேச்சு படித்தவர்களிடையே பரவலாக உண்டு. தமிழைப் பொறுத்தவரை இது ஆபத்தான பேச்சு. ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றே. ர, ற வேறுபாடு பலர் பேச்சில் மறைந்துவிட்டது. ல, ள, ழ மூன்றும் பேசுபவரைப் பொறுத்து மயங்குகின்றன. கணினிக் குரலிலும் இந்த நுட்பங்கள் தெளிவாக விழுவதில்லை. காதால் மட்டுமே படித்து வளரும் குழந்தைக்கு எழுத்துப்பிழையற்ற தமிழ் எப்படி வாய்க்கும்? கண் பார்க்கும் குழந்தைக்கு அச்சுப் பக்கம் தானாகக் கற்றுக்கொடுப்பதைப் பார்வையற்ற குழந்தைக்கு விரல்நுனிதான் கற்றுக்கொடுக்கிறது.

இன்று நாம் பயன்படுத்தும் தமிழ்ப் பிரெயில், 1951 இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையைச் சார்ந்தது. அதன் அமைப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அச்சில் ‘கொ’ என்று எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். பிரெயிலில் ககரம், அதன்பின் ஒகரம். ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. கணினியில் தமிழை ஒருங்குறியாக (யூனிகோடு) வைத்தபோதும் இதே வரிசைதான் பின்பற்றப்பட்டது. கணினியில் தமிழ் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிரெயிலை வகுத்தவர்கள் தீர்த்து வைத்திருந்த சிக்கல் இது. நம் கணினித் தமிழ் வரலாறுகளில் அவர்கள் பெயர் வருவதில்லை, வரவேண்டும்.

அருமை இவ்வளவு இருந்தும் சுமையை மறைக்க முடியாது. ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் அமையும். வழக்கமான பிரெயில் தாளில் சுமார் 25 வரி, வரிக்கு 40 கட்டம். அகரம் ஏறிய மெய்க்கு ஒரு கட்டம் போதும். மற்ற உயிர்மெய்களுக்கு இரண்டு. ஆகவே நடுத்தர அளவுள்ள ஒரு நாவல் பல தொகுதிகளாகப் பெருகிவிடுகிறது. தடித்த தாள் வேண்டும், அலமாரியில் இடம் வேண்டும், புள்ளிகள் நசுங்காமல் அடுக்க வேண்டும். இந்த நிலையில் எந்த அச்சகமும் பாடநூலுக்கே முதலிடம் கொடுக்கும், அது சரியும்கூட. விடுபடுவது பாடத்துக்கு வெளியே உள்ள வாசிப்பு. சிறுகதை, தன்வரலாறு, சட்ட விளக்கம், போட்டித் தேர்வு நூல், நேற்று வந்த இதழ் ஆகியவையே ஒருவரை வாசகராக்குகின்றன.

பொது நூலகத் துறை இதை அறியாமல் இல்லை. 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. 1896 முதல் இயங்கும் கன்னிமாராவிலும் பார்வையற்றோருக்கான பிரிவு உண்டு. 2023 ஜூலையில் திறந்த மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய ஏற்பாடுகள். ஆனால் பூந்தமல்லியிலிருந்து கோட்டூர்புரம் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். இடையில் பேருந்து மாற வேண்டும், தோண்டிப் போட்ட நடைபாதைகளைக் கடக்க வேண்டும். கண் தெரிந்தவர் நடந்து போய்ப் புத்தகம் எடுக்க நாடெங்கும் கிளை வைத்த ஓர் அமைப்பு, வெள்ளைக் கோலோடு வருபவரை மட்டும் தலைநகரின் நடுவுக்கு வரச் சொல்வது சமமாகாது.

3. வலையில் இருக்கிறது, படிக்க இல்லை

இரண்டாவது பதிலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 2006 இல் மைக்கேல் கரன் தொடங்கி, பின்னர் ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பான் இன்று தமிழையும் படிக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் உள்ளமைந்தே வருகிறது. தமிழ் எழுத்தைப் பேச்சாக மாற்றும் ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி., எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் ஆகியவை பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. கருவி இருக்கிறது. கருவிக்குக் கொடுக்கத் தமிழ் எழுத்து இருக்கிறதா என்பதுதான் சிக்கல்.

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்திக் காட்டுவதே அவற்றின் உத்தி. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். உள்ளே கணினி சேமித்து வைத்திருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். கண்ணுக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்கு அர்த்தமற்ற ஆங்கில ஓசை. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களை வகுத்தது. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துரு 16 பிட் முறையையும் ஏற்று ஆணையிட்டது. அந்த ஆணைக்கு முன் உருவான கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. பதிப்பகங்கள் பலவற்றில் பக்க வடிவமைப்பு இன்றும் பழைய எழுத்துருக்களில்தான் நடக்கிறது. நூலின் மின்படியைப் பதிப்பாளர் மனமுவந்து கொடுத்தாலும் அது வாய் திறப்பதில்லை.

ஒருங்குறியில் எழுதியதும்கூடப் பி.டி.எஃப். ஆகும்போது குலைவதுண்டு. கொம்பு, கால் போன்றவை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சிதறிவிட, எழுத்தைப் பிரித்தெடுத்தால் ‘கொடி’ என்ற சொல் உடைந்த துண்டுகளாக வெளிவருகிறது. தன் அறிக்கையைப் பி.டி.எஃப். ஆக்கி வலையேற்றிவிட்ட அலுவலருக்கு அது யாருக்குப் படிக்க முடியாமல் போனது என்று தெரிய வழியில்லை.

அடுத்தது, வருடிய நூல்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017 இல் தொடங்கிய மின்னூலகம் அரிய நூல்களையும் இதழ்களையும் சுவடிகளையும் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஈழத்து எழுத்துகளை நூலகம் நிறுவனம் 2005 முதல் அவ்வாறே காத்துவருகிறது. இந்த உழைப்பின் பெருமையில் எனக்குச் சற்றும் ஐயமில்லை; அழிவிலிருந்து மீட்பது முதற்கடமை. ஆனால் இவற்றில் பெரும்பகுதி பக்கத்தின் புகைப்படம். ஆராய்ச்சியாளர் பெரிதாக்கிப் படிக்கலாம். பார்வையற்ற ஆராய்ச்சியாளருக்கு அது பூட்டிய அலமாரி.

இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, எழுத்தாகவே வெளியிட்டார்கள். பார்வையற்றோரை முன்னிறுத்தித் தொடங்கிய திட்டம் அல்ல அது. ஆயினும் அந்நூல்கள் ஒருங்குறிக்கு மாறிய பின், திரைவாசிப்பான் வழியே முழுமையாகப் படிக்கத்தக்க தமிழ்ச் செவ்வியல் தொகுப்பாக அது அமைந்தது. ஒரு நூலை எழுத்தாக வைப்பதா, படமாக வைப்பதா என்ற ஒரே முடிவு, ஒரு வாசகர் கூட்டத்தை உள்ளே அழைக்கிறது அல்லது வெளியே நிறுத்துகிறது.

வலைத்தளங்களின் நிலை உலகெங்குமே மோசம். அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025 இல் அவற்றில் நூற்றுக்கு 94.8 பக்கங்களில் அணுகல் பிழைகள் தென்பட்டன. மங்கிய எழுத்து நிறமும் விளக்கம் எழுதாத படமும் அவற்றில் முதலிடம். வலை வழிகாட்டு நெறிகளின் முதல் பதிப்பு 1999 இலேயே வந்துவிட்டது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இரண்டாம் பதிப்பு 2008 இல் சொல்லிவிட்டது. பின்பற்றுபவர்தான் குறைவு. இது பார்வையற்றோரை மட்டும் பாதிப்பதில்லை. கண்புரையும் நீரிழிவும் வந்த, ஓய்வுபெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கும் வெளிர் சாம்பல் எழுத்து எட்டாது.

4. இயந்திரமே செய்துவிடாதா?

படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள்கள் தமிழில் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வலுவடைகிறது. இதைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆனால் தமிழ் நூலின் இயல்பை அறிந்தவர் சில தடைகளை உடனே காண்பார்.

தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978 இல். அதற்கு முன் அச்சான நூல்களில் தும்பிக்கை போல் வளைந்த பழைய லை, ளை, ணை, னை இருக்கும். காலைத் தன்னுள் சுருட்டிக்கொண்ட ணா, றா, னா இருக்கும். புதிய வடிவங்களில் பழகிய எழுத்துணரி இவற்றில் தடுக்கி விழுகிறது. அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்களின் நூல்களில் பெருவாரியானவை முதலில் அச்சானது இந்தப் பழைய வடிவங்களில்தான். பதிப்புரிமைச் சிக்கலே இல்லாத, எவர் வேண்டுமானாலும் எழுத்தாக்கிப் பரப்பக்கூடிய நூல்கள் இயந்திரத்துக்குக் கடினமாக அமைந்திருப்பது வருத்தத்துக்குரியது.

இரண்டு பத்தியாக அமைந்த இதழ்ப் பக்கம், அடிக்குறிப்பு, உரையும் மூலமும் மாறி மாறி வரும் இலக்கண நூல், வரி முடிவில் குறியின்றி உடையும் நீண்ட சொல் எல்லாம் வரிசை பிறழ்ந்தால் கேட்பவருக்குப் புரியாது. ஓர் அட்டவணையை ஒலியாக மாற்றும்போது எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்று யாராவது தீர்மானித்துக் குறிக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் அளித்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் படங்களைத் தமிழ் விக்கிமூலம் எழுத்துணரியில் இட்டது. பிழை திருத்தும் பணி இன்னும் தன்னார்வலர் கைகளில் நடக்கிறது. இயந்திரம் நொடியில் முடித்ததை மனிதர் ஆண்டுக்கணக்கில் திருத்துகிறார்கள். திருத்துவோரைச் சேர்த்து, எந்த நூல் முதலில் வேண்டும் என்று வாசகரைக் கேட்டு, முடிந்ததைப் பட்டியலிட்டு வைக்க ஓர் ஆள் தேவை. அந்த ஆளுக்கு நம் ஊரில் ஏற்கனவே ஒரு பதவிப் பெயர் உண்டு.

5. சட்டம் நூலகத்துக்குக் கொடுத்திருக்கும் கை

நூலகர்கள் இதில் தயங்க ஒரு நியாயமான காரணம் பதிப்புரிமை. நூலை வருடி எழுத்தாக்கிக் கொடுத்தால் வழக்கு வருமோ என்ற அச்சம். 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அச்சத்தை நீக்கிவிட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவத்தில் எந்த நூலையும் மாற்றவும் படியெடுக்கவும் அவர்களுக்கு வழங்கவும் அனுமதிக்கிறது. இலாபம் கூடாது, ஆக்கச் செலவை மட்டும் பெறலாம், படி வணிகத்துக்குள் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை நிபந்தனைகள். எந்த அமைப்புகள் இதைச் செய்யலாம் என்ற விளக்கத்தில் அரசு அங்கீகரித்த நூலகமும் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆவடிக் கிளை நூலகர் பதிப்பாளரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

பார்வையற்றோருக்கான நூல்கள் நாட்டெல்லை தாண்டிச் செல்ல வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013 ஜூனில் ஏற்கப்பட்டது. 2014 இல் அதை முதன்முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 ஆகஸ்டில் நடுவணரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, இந்திய டெய்சி மன்றத்தோடும் டி.சி.எஸ். நிறுவனத்தோடும் சேர்ந்து சுகம்ய புஸ்தகாலயா என்ற வலை நூலகத்தைத் தொடங்கியது. உறுப்பினராக உள்ள அமைப்புகளின் வழியே வாசகர் அதில் சேர்ந்து, டெய்சி (ஒலிநூல்), இ-பப் (மின்னூல்), பிரெயில் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம்.

2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அதன் கீழ் அமைந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்பதை ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டாய விதிகளை வகுக்கும்படி அரசுக்கு ஆணையிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணு சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21 ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சட்டம் இதற்குமேல் தெளிவாகப் பேச முடியாது. குறை இருப்பது நிர்வாகத்தில்.

6. நூலகர் பணி எங்கே மாறுகிறது

வலை வந்தபின் நூலகர் தேவையற்றுப் போவார் என்று சொன்னவர்கள் நூலகரைப் புத்தகக் காவலராக மட்டும் பார்த்தார்கள். சீர்காழியில் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அப்படிப் பார்க்கவில்லை. 1931 இல் வெளியான நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், வாசகர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய நூலைப் பெற வேண்டும் என்ற இரண்டாம் விதியை விளக்கும்போது, பார்வையற்றோரையும் மருத்துவமனையில் கிடப்போரையும் சிறையில் இருப்போரையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். அதே ஆண்டு மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் போயிற்று. வர முடியாதவரிடம் நூல் போக வேண்டும் என்பது இந்த மண்ணின் நூலக இயக்கத்துக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948 இல் இங்கே உருவானதும் அந்த இயக்கத்தால்தான். அச்சட்டப்படி சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. பார்வையற்றவர் வாழும் வீட்டுக்கு அதில் விலக்கு இல்லை.

அணுகல் வேலையைத் தொழில்நுட்பரின் வேலை என்று ஒதுக்குவது தவறு என்று நான் கருதக் காரணம், அதன் மையம் நூற்பட்டியலாக்கம் என்பதே. ஒரு மின்னூல் எழுத்தா படமா, தலைப்புகள் குறிக்கப்பட்டுள்ளனவா, படங்களுக்கு விளக்கம் உண்டா, ஒலிவடிவம் எங்கே கிடைக்கும் என்பவை வாசகர் நூலைக் கேட்குமுன் அறிய வேண்டியவை. நூலகப் பதிவுகளுக்கான மார்க் 21 முறையில் 341, 532 என்ற புலங்கள் இதற்காகவே சேர்க்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவும் பயன்படுத்தும் கோஹா மென்பொருள் அந்த முறையில்தான் இயங்குகிறது. இந்தப் புலங்களை நிரப்பப் பணம் வேண்டியதில்லை. நூலைத் திறந்து பார்த்துக் குறிக்கும் பழக்கம் வேண்டும். நூலக அறிவியல் பட்டப்படிப்பில் பகுப்பு எண் போடப் பழகும் மாணவர், கண்ணை மூடிக்கொண்டு திரைவாசிப்பானில் ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கவும் பழக வேண்டும். அந்த ஒரு பயிற்சி பல விரிவுரைகளுக்கு ஈடாகும்.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஆள் பற்றாக்குறை. பல கிளைகளில் ஒரே நூலகர். நூல் கொடுப்பதும் வாங்குவதும் இதழ் அடுக்குவதும் பதிவேடு எழுதுவதும் அவரே. ஊர்ப்புற நூலகங்களின் நிலை இன்னும் கடினம், பகுதிநேர நூலகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது நேர்மையா? நூலகர் தனியாக உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருத்த வேண்டும் என்றால் நேர்மை இல்லைதான். ஆனால் நம் நூலகங்களுக்கு வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது, புரவலர்கள் இருக்கிறார்கள். சென்னை மேற்குப் புறநகரின் நூலகங்களில் காலை முதல் மாலை வரை போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வையுடையோருக்கும் உரியது. அவர்களும் அதே தேர்வுக்கு அதே நூல்களைத் தேடுகிறார்கள். ஒருவர் குறிப்பை மற்றொருவர் எழுத்தாக்கித் தரும் உறவு அந்த மேசைகளில் உருவாக முடியும். அதைத் தொடங்கி வைத்து ஒழுங்குபடுத்துவதே நூலகரிடம் எதிர்பார்ப்பது.

அதற்குத் துறை செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. கிளைகளின் ஒரு கணினியிலாவது என்.வி.டி.ஏ.யும் தமிழ்க் குரலும் காதணிப் பேசியும் வேண்டும். சுகம்ய புஸ்தகாலயாவில் வாசகரைச் சேர்த்துவிட நூலகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூலகத்துக்கென நூல் வாங்கும்போது அரசு பதிப்பாளரிடம் ஒருங்குறி மின்படியையும் கேட்டுப் பெற வேண்டும். அரசு தமிழ்நாட்டுப் பதிப்பாளர்களிடம் பெருமளவில் வாங்குகிறது. வாங்குபவர் கேட்டால் பழைய எழுத்துரு ஒரே ஆண்டில் மறையத் தொடங்கும். வேறு எந்தச் சுற்றறிக்கையையும்விட இந்த ஒரு கொள்முதல் நிபந்தனைக்கு வலு அதிகம் என்பது என் கணிப்பு.

பூந்தமல்லியின் பங்கும் இதனால் குறையாது. தமிழ்ப் பிரெயிலையும் பார்வையற்றோர் கணினிப் பயன்பாட்டையும் அறிந்த ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். நூலகர்களுக்குப் பயிற்சி தர அவர்களைவிடத் தகுந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லை. மாவட்ட நூலக ஆணைக்குழுவும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பள்ளியை முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் ஊர்க் கிளை நூலகத்தின் உறுப்பினர் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பலாம். இதற்குப் புதிய சட்டமோ அரசாணையோ தேவையில்லை.

இதைப் படிக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர் வட்ட நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நூலகத்தின் அடுத்த கூட்டத்துக்குப் பார்வையற்ற வாசகர் ஒருவரை அழையுங்கள். அவர் நெடுநாளாகத் தேடும் ஒரு நூலின் பெயரைக் கேளுங்கள். அந்த நூலை எழுத்தாக்கும் பணியை நூலகரோடு சேர்ந்து தொடங்குங்கள்.